வெகுசனவாதக் கட்சிகளும் மக்களாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெகுசனவாதக் கட்சி என்று எதைச் சொல்கிறோம்?

உழைத்து வாழும் நேர்மையான மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏய்த்துப் பிழைக்கும் மேல்தட்டினர் மறுபக்கம் என்று சமூகத்தை இரண்டாக வகுத்துக் காட்டி, அந்த மக்களின் உண்மையான குரல் தாங்கள் மட்டுமே என்று உரிமை கொண்டாடும் கட்சியையே அரசியல் அறிவியலாளர்களில் பெரும்பாலோர் வெகுசனவாதக் கட்சி என்கின்றனர். ஆட்சியில் இருப்பவர்களை மேல்தட்டினர் என்று சாடுவது எல்லா எதிர்க்கட்சிகளும் செய்வதுதான். ‘நாங்கள் மட்டுமே’ என்ற சொல்தான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால், மாற்றுக் கட்சிக்கு வாக்களித்த அண்டை வீட்டுக்காரர் ‘மக்கள்’ என்ற வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

செய்தித்தாள்களில் ‘ஜனரஞ்சகத் திட்டம்’ என்று எழுதுவது வேறு. வரிச்சலுகையோ உதவித்தொகையோ அறிவிக்கிற எந்தக் கட்சியையும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே பேசப்படுவது திட்டங்களைப் பற்றியது அன்று, ‘மக்கள் யார்’ என்ற கேள்விக்கு ஒரு கட்சி தரும் விடையைப் பற்றியது.

இது இடதுசாரியா, வலதுசாரியா?

இரண்டிலும் உண்டு. வெனிசுவேலாவில் ஊகோ சாவேஸ் இடதுசாரி. ஹங்கேரியில் விக்டர் ஓர்பானின் ஃபிதெஸ் கட்சி வலதுசாரி. 2009-இல் தொடங்கிய இத்தாலியின் ஐந்து நட்சத்திர இயக்கம் இரண்டுமல்ல என்று தன்னைச் சொல்லிக்கொண்டது.

இது புதிதாக முளைத்த ஒன்றா?

இல்லை. அமெரிக்காவில் கடனிலும் இரயில் கட்டணத்திலும் சிக்கித் தவித்த விவசாயிகள் 1892-இல் மக்கள் கட்சி என்ற பெயரில் திரண்டனர். அவ்வாண்டு அதிபர் தேர்தலில் அவர்களின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். கட்சி விரைவில் கரைந்துபோனாலும் அதன் கோரிக்கைகள் கரையவில்லை. செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது 1913-இல் பதினேழாவது அரசியலமைப்புத் திருத்தமாக நிறைவேறியது. படிப்படியாக உயரும் வருமான வரியும் அதே ஆண்டில் பதினாறாவது திருத்தத்தின் வழியே சாத்தியமாயிற்று. வெகுசனவாதம் என்றாலே மக்களாட்சிக்குக் கேடு என்று எழுதுபவர்கள் இந்தக் கதையை அவசரமாகத் தாண்டிப் போய்விடுவதைக் கவனித்திருக்கிறேன். தாண்டக் கூடாது, பிறர் கேட்க மறுத்த குறையைக் கேட்டு, அதைச் சட்டமாக்கும் அளவுக்கு அழுத்தம் தரும் ஆற்றல் இந்த அரசியலுக்கு உண்டு.

வெகுசனவாதக் கட்சிகள் வந்தால் வாக்குப்பதிவு கூடுகிறதா?

பல இடங்களில் கூடியிருக்கிறது. ஆனால் யாரால் கூடியது, எவ்வளவு காலம் நீடித்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் 2013-இல் 71.5 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 2017-இல் 76.2 விழுக்காடாக உயர்ந்தது. ஜெர்மனிக்கான மாற்று என்ற வலதுசாரி வெகுசனவாதக் கட்சி 12.6 விழுக்காடு வாக்குகளுடன் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த தேர்தல் அது. அதற்கு முன்பு வாக்குச்சாவடிப் பக்கமே வராதிருந்த பலர் அதற்காக வந்தார்கள். 2025-இல் வாக்குப்பதிவு 82.5 விழுக்காட்டைத் தொட்டது, அக்கட்சியின் பங்கும் 20.8 விழுக்காடாயிற்று. ஆனால் இந்த உயர்வு முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது. அது வென்றுவிடக் கூடாது என்பதற்காகவே வாக்களிக்கப் புறப்பட்டவர்களும் அதில் உண்டு.

இந்த எதிர்த்திரட்டலை மிகத் தெளிவாகக் காட்டியது போலந்து. ‘சட்டமும் நீதியும்’ என்ற வலதுசாரி வெகுசனவாதக் கட்சி ஆட்சிக்கு வந்த 2015 தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 51 விழுக்காட்டினர். நான்கு ஆண்டுகள் கழித்து 61.7 விழுக்காடு. 2023 அக்டோபரில் 74.4 விழுக்காடு, கம்யூனிச ஆட்சி சரிந்த 1989 தேர்தலில்கூட இவ்வளவு பேர் வரவில்லை. விரோட்ஸ்வாஃப் நகரின் யாகொட்னோ பகுதியில் வாக்குச்சாவடி மூடும் நேரமான இரவு ஒன்பதைத் தாண்டியும் வரிசை கலையவில்லை. குளிரில் நின்றவர்களுக்கு அக்கம்பக்கத்தார் சூடான பானங்களும் உணவும் கொண்டுவந்து கொடுத்தனர். கடைசி வாக்கு பதிவானபோது அதிகாலை மூன்று மணியை நெருங்கிவிட்டது. எட்டு ஆண்டுகள் ஆண்ட கட்சி தனிப்பெரும் கட்சியாக வந்தும் பெரும்பான்மையை இழந்தது. அந்த வரிசை வெகுசனவாதத்தால் உண்டானதா, அதற்கு எதிராக உண்டானதா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நீடிப்பைப் பொறுத்தவரை பிரிட்டனைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்று 2016-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 72.2 விழுக்காட்டினர் கலந்துகொண்டனர். முந்தைய ஆண்டின் பொதுத்தேர்தலைவிட ஏறக்குறைய 28 லட்சம் பேர் கூடுதல். தங்கள் தொகுதியில் யார் வெல்வார் என்பது எப்போதும் முடிவாகிவிட்ட ஒன்று என்று வீட்டிலிருந்தவர்களுக்கு, அந்த ஒரு முறை தங்கள் வாக்கும் மற்றவர் வாக்கும் ஒரே எடை என்று தெரிந்தது. ஆனால் 2024 பொதுத்தேர்தலில் பதிவான வாக்குகள் 60 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஒற்றைக் கேள்விக்காக வந்த கூட்டம், கேள்வி தீர்ந்ததும் கலைந்துவிடலாம்.

பிரதிநிதித்துவம் கிடைக்காதவர்களுக்கு இக்கட்சிகள் அதைப் பெற்றுத் தருகின்றனவா?

பொலிவியாவை எடுத்துக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே வாக்களிக்கலாம் என்ற விதி 1952-இல்தான் அங்கே நீங்கியது. அதுவரை பழங்குடி மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லை. 2005 இறுதியில் அய்மரா இனத்தைச் சேர்ந்தவரும் கோக்கா பயிரிடுவோர் சங்கத்தின் தலைவருமான ஈவோ மொராலெஸ் 54 விழுக்காட்டை நெருங்கிய வாக்குகளுடன் அதிபரானார். 2009-இல் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட புதிய அரசியலமைப்பின்கீழ், 130 பேர் கொண்ட கீழவையில் 7 இடங்கள் சிறு பழங்குடி இனங்களுக்கென ஒதுக்கப்பட்டன. 2014 தேர்தலுக்குப் பிறகு கீழவையில் பாதிக்கு மேல் பெண்கள். அரசாங்க அலுவலகத்துக்குள் பாரம்பரிய உடையோடு நுழையத் தயங்கிய பெண்கள் அதே உடையில் அமைச்சர்களாக அமர்ந்தனர். இதை வெறும் அடையாள அரசியல் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள், வாசலிலேயே நிறுத்தப்பட்ட அனுபவம் இல்லாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மறுபக்கத்தில், ஜெர்மனியில் அந்த 2017 தேர்தலுக்குப் பின் நாடாளுமன்றத்தில் பெண்களின் பங்கு சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காட்டுக்கு இறங்கியது. புதிதாக நுழைந்த கட்சியின் உறுப்பினர்களில் ஒன்பதில் எட்டுப் பேர் ஆண்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆக, ‘மக்கள்’ என்று ஒரு கட்சி யாரை எண்ணுகிறது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

தேர்தல் முறையும் குறுக்கே நிற்கும். பிரிட்டனில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய ஐக்கிய ராஜ்ஜிய சுதந்திரக் கட்சி 2015-இல் ஏறக்குறைய 39 லட்சம் வாக்குகளைப் பெற்றது. கிடைத்த இடம் ஒன்றே ஒன்று. அதே தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளுக்கு 56 இடங்களைப் பெற்றது. அந்த 39 லட்சம் பேரின் கருத்து எனக்கு உவப்பானதன்று. ஆயினும் ‘எங்கள் குரல் அவையில் இல்லை’ என்று அவர்கள் சொன்னபோது அதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை.

கட்சிக்குள் மக்களாட்சி இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. நெதர்லாந்தில் 2023 தேர்தலில் 150-இல் 37 இடங்களை வென்று முதலிடம் பிடித்த சுதந்திரக் கட்சிக்குச் சட்டப்படி ஒரே ஓர் உறுப்பினர்தான்: அதன் தலைவர் கீர்ட் வில்டர்ஸ். வேட்பாளர் பட்டியல் முதல் கொள்கை அறிக்கை வரை வாக்கெடுத்து முடிவு செய்ய அங்கே ஆளே கிடையாது.

ஐந்து நட்சத்திர இயக்கம் நேர்மாறான வாக்குறுதியோடு வந்தது. ரூஸோ என்ற இணையத் தளத்தில் உறுப்பினர்களே வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், முடிவுகளை எடுப்பார்கள் என்றது. 2018-இல் அக்கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் ஒரு கோடிக்கும் மேல். வலதுசாரி லீகா கட்சியோடு ஆட்சி அமைக்கும் ஒப்பந்தத்தை அத்தளத்தில் வாக்கெடுப்புக்கு விட்டபோது பங்கேற்றவர்கள் சுமார் 45,000 பேர். 94 விழுக்காட்டினர் ஆம் என்றனர். ஒப்பந்தம் தலைமைக்குள் பேசி முடிந்த பிறகே திரையில் தோன்றியது. தளத்தின் நிர்வாகமோ கட்சியின் இணை நிறுவனர் குடும்பத்தோடு இணைந்த அமைப்பின் கையில் இருந்தது. உறுப்பினருக்கு இருந்த உரிமை ஆம், இல்லை என்ற இரண்டு பொத்தான்கள். கேள்வியை எழுதும் உரிமை அவருக்கு இல்லை. வெகுசனவாதக் கட்சிகள் தரும் பங்கேற்பை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் எனக்குத் தெரியவில்லை: மக்கள் விடை மட்டும் சொல்கிறார்களா, கேள்வியும் கேட்கிறார்களா?

அப்படியானால் பொதுவாக்கெடுப்புகள் நேரடி மக்களாட்சி ஆகாதா?

ஆகும், ஆகாமலும் போகும். கேள்வியை வடிப்பவர் யார், விடை பிடிக்காவிட்டால் என்ன நடக்கிறது என்ற இரண்டைக் கொண்டு அறியலாம்.

ஹங்கேரியில் அரசாங்கம் ‘தேசியக் கலந்தாய்வு’ என்ற பெயரில் வீடுதோறும் வினாத்தாள் அனுப்பி வந்தது. 2015-இல் வந்த தாளில் 12 கேள்விகள். தலைப்பே குடியேற்றத்தையும் பயங்கரவாதத்தையும் ஒன்றாகப் பிணைத்திருந்தது. இரண்டும் வெவ்வேறு என்று கருதுகிற ஒருவர் எந்தக் கட்டத்தில் குறியிட்டாலும் அந்தத் தலைப்புக்குக் கீழேதான் இடவேண்டும். மறு ஆண்டில், அகதிகளைப் பகிர்ந்து ஏற்கும் ஐரோப்பிய ஒதுக்கீடு குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. செல்லத்தக்க வாக்குகளில் 98 விழுக்காடு அரசு விரும்பிய விடையையே தந்தன. ஆனால் செல்லத்தக்க வாக்களித்தவர்கள் மொத்த வாக்காளர்களில் பாதியைக்கூட எட்டாததால் வாக்கெடுப்பே செல்லாததாயிற்று. வீட்டில் இருந்துவிடுவதும் வாக்குச்சீட்டை வேண்டுமென்றே கெடுப்பதும்தான் எதிர்ப்பாளர்களுக்குக் கிடைத்த குரல். பங்கேற்பதே தோல்வியாகவும் பங்கேற்காமையே கருத்தாகவும் மாறிய விசித்திரம் அது.

கிரேக்கத்தில் 2015 ஜூலை 5 அன்று, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 விழுக்காட்டினர் நிராகரித்தனர். வாக்கெடுப்பை நடத்தி, ‘வேண்டாம்’ என்று சொல்லுமாறு கேட்டுக்கொண்ட அதே அரசு, இடதுசாரி வெகுசனவாதக் கட்சியான சிரிசாவின் அரசு, எட்டே நாளில் கடுமையான நிபந்தனைகளுக்கு உடன்பட்டது.

பொலிவியா மேலும் கசப்பானது. மொராலெஸ் நான்காம் முறை போட்டியிட வழிசெய்யும் திருத்தத்தை 2016 பிப்ரவரியில் 51.3 விழுக்காட்டினர் மறுத்தனர். அடுத்த ஆண்டே அந்நாட்டின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் பதவிக்கால வரம்பு தனிமனித உரிமைக்கு எதிரானது என்று கூறி வழியைத் திறந்துவிட்டது. 2019 தேர்தல் முறைகேட்டுப் புகாரிலும் தெருப் போராட்டத்திலும் முடிந்து, படைத்தலைமையின் அழுத்தத்துக்கிடையே அவர் பதவி விலகினார். வாசலைத் திறந்துவிட்ட கட்சியே, மக்கள் சொன்ன ‘இல்லை’யைக் காதில் வாங்கவில்லை.

சிறுபான்மையினர் விஷயத்தில் இன்னொரு சிக்கல். சுவிட்சர்லாந்தில் 2009-இல் புதிய பள்ளிவாசல் மினார்களுக்கு 57.5 விழுக்காட்டினர் தடை விதித்தபோது, நாடு முழுவதும் இருந்தவை நான்கு மட்டுமே. அங்கே கையெழுத்துத் திரட்டிக் கேள்வியை எழுப்பும் உரிமை குடிமக்களுக்கு உண்டு, முறையில் பழுதில்லை. பெரும்பான்மையின் விருப்பமும் ஒரு சிறு கூட்டத்தின் உரிமையும் மோதினால் எண்ணிக்கை மட்டும் தீர்த்துவைக்குமா என்பதே அங்கே எழுந்த கேள்வி.

மக்களே கேள்வி எழுப்பிய உதாரணம் வெகுசனவாத ஆட்சியில் உண்டா?

உண்டு. வெனிசுவேலாவின் 1999 அரசியலமைப்பைக் கொண்டுவந்தவர் சாவேஸ். பதிவுபெற்ற வாக்காளர்களில் 20 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால், பாதிப் பதவிக்காலம் கழிந்த அதிபரையே திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அதன் 72-ஆவது பிரிவு சொல்கிறது. உலகில் அரிதான, துணிச்சலான பிரிவு. எதிர்க்கட்சியினர் அதைக் கையில் எடுத்தனர். 2004 ஆகஸ்டில் வாக்கெடுப்பு நடந்தது. சாவேஸ் 59 விழுக்காடு ஆதரவோடு பதவியில் நீடித்தார். இதுவரை குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டிருந்தது. மனுவில் கையெழுத்திட்டவர்களின் பெயர், அடையாள எண் அடங்கிய பட்டியலை ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் இணையத்தளத்தில் ஏற்றினார். அடையாள எண்ணைத் தட்டினால் போதும், அந்த ஆள் கையெழுத்திட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அரசு வேலைக்கு விண்ணப்பித்தவர்களும், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களும் அந்தப் பட்டியலை வைத்துச் சலிக்கப்பட்டனர். பட்டியலைப் புதைத்துவிடுங்கள் என்று சாவேஸே 2005-இல் சொல்ல நேர்ந்தது. அந்த வாக்கெடுப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016-இல், அவருக்குப் பின் வந்த நிகோலாஸ் மதூரோவைத் திரும்ப அழைக்கும் முயற்சியைத் தேர்தல் ஆணையம் நடுவழியிலேயே நிறுத்திவைத்தது. பிரிவு காகிதத்தில் இருந்தது. கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதும் மக்கள் நினைவில் இருந்தது.

ஆட்சிக்கு வந்தபின் தேர்தல் விதிகளை மாற்றுகிறார்களா?

இதில் ஹங்கேரியின் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2010-இல் ஃபிதெஸ் கூட்டணி 53 விழுக்காடு வாக்குகளோடு மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்றது. அது பழைய விதிகளின்படி, நியாயமாக வந்த வெற்றி. அந்தப் பலத்தைக் கொண்டு புதிய அரசியலமைப்பும் புதிய தேர்தல் சட்டமும் இயற்றப்பட்டன. 386 இடங்கள் 199 ஆயின. தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. சிதறிய எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர வாய்ப்பளித்த இரண்டாம் சுற்று நீக்கப்பட்டது. அதோடு, தொகுதியில் வென்றவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த உபரி வாக்குகளும் அவருடைய கட்சியின் பட்டியல் கணக்கில் சேரும் என்று ஒரு விதி. தோற்றவருக்கு ஈடு செய்ய உருவான ஏற்பாடு வென்றவருக்குப் பரிசாயிற்று. விளைவு: 2014-இல் ஆதரவு 45 விழுக்காடாகக் குறைந்தும், இடங்கள் 133. மீண்டும் மூன்றில் இரண்டு பங்கு. வாக்குப்பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பெட்டியிலிருந்து இருக்கைக்குப் போகும் வழியை மாற்றிப் போட்டார்கள்.

இத்தாலியில் மாற்றம் வேறு விதம். அரசியல்வாதிகள் ‘அதிகப்படி’ என்ற வாதத்தை ஐந்து நட்சத்திர இயக்கம் முன்னெடுக்க, 2020 செப்டம்பரில் சுமார் 70 விழுக்காட்டினர் ஆதரித்து நாடாளுமன்றத்தை 945 இடங்களிலிருந்து 600 இடங்களாகக் குறைத்தனர். செலவு மிச்சம்; கூடவே, ஒவ்வோர் உறுப்பினரும் முன்னைவிட ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட மக்களைக் கவனிக்க வேண்டியவரானார். மேல்தட்டினர் எட்டாத உயரத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லி வந்த கட்சி, பிரதிநிதியை இன்னும் கொஞ்சம் எட்டாதவராக்கியது.

தோற்றால் ஒப்புக்கொள்கிறார்களா?

‘மக்கள் நாங்களே’ என்பவருக்குத் தோல்வியை விளக்குவது கடினம். மக்கள் மக்களைத் தோற்கடிக்க முடியாதல்லவா? எனவே மோசடி நடந்தது என்ற விளக்கம் எளிதாக வாய்க்கிறது. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனிலும், 2023 ஜனவரி 8 அன்று பிரேசிலியாவிலும் நாடாளுமன்றக் கட்டடங்களுக்குள், தேர்தலில் தோற்ற அதிபர்களான டொனால்ட் டிரம்ப், ஜயீர் போல்சனாரோ ஆகியோரின் ஆதரவாளர் கூட்டம் புகுந்தது இந்த விளக்கத்தை நம்பித்தான்.

ஆனால் போலந்தின் ஆட்சி கைமாறியது. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் 2019 மார்ச்சில் நடந்த மேயர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் எக்ரெம் இமாமோக்லு ஏறத்தாழ 13,000 வாக்குகள் வேறுபாட்டில் வென்றதை உயர் தேர்தல் வாரியம் செல்லாது என்று அறிவித்து, மறுதேர்தல் நடத்தியது. ஜூனில் வேறுபாடு எட்டு லட்சத்தைத் தாண்டியது. விடை மாறும்வரை கேள்வியைத் திரும்பக் கேட்கலாம் என்ற எண்ணத்துக்கு நகரம் தந்த பதில் அது.

இக்கட்சிகளைத் தடுத்து நிறுத்துவதே நல்லது இல்லையா?

தாய்லாந்தைப் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2001-இல் வென்ற தக்சின் சினவத், 30 பாத் கட்டணத்தில் மருத்துவம் தந்து கிராமப்புற வாக்காளர்களைத் திரட்டினார். ஊடகங்களையும் கண்காணிப்பு அமைப்புகளையும் வளைத்ததும் அவர்தான். 2006-இல் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. பின்னர் வந்த 2017 அரசியலமைப்பின்கீழ், 250 பேர் கொண்ட நியமன செனட் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதிலும் வாக்களித்தது. வெகுசனவாதியை விரட்டப் போய், அவருக்கு வாக்களித்தவர்களின் வாக்கின் எடையையே குறைத்துவிட்டார்கள்.

பெல்ஜியத்தில் பிற கட்சிகள் டச்சு மொழி பேசும் பிளெமிஷ் பகுதியின் தீவிர வலதுசாரிக் கட்சியோடு கூட்டு வைப்பதில்லை என்று வகுத்துக்கொண்ட வேலி மென்மையானது. அக்கட்சிக்கு வாக்களித்தவர்களுக்கு அவையில் இடம் உண்டு, அமைச்சரவையில் இல்லை. 2004-இல் இனவெறிக் குற்றச்சாட்டில் தீர்ப்பு வந்தபின் கட்சி பெயரை மாற்றிக்கொண்டு தொடர்கிறது. வேலி பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது, கட்சி மறையவில்லை.

ஆட்சி மாறினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுமா?

திரும்புவது கடினம், திருப்ப முயல்வதும் சிக்கலானது. போலந்தின் பொதுத் தொலைக்காட்சி எட்டு ஆண்டுகளாக ஆளுங்கட்சியின் ஊதுகுழலாக இருந்தது. அதன் நியமனங்களை ஒரு தனிக் குழுவிடம் ஒப்படைத்து முந்தைய ஆட்சி சட்டம் இயற்றியிருந்தது. சட்டத்தை மாற்றினால், முந்தைய ஆட்சியின் பக்கம் நின்ற அதிபர் கையெழுத்திட மாட்டார். எனவே புதிய அரசு 2023 டிசம்பரில் நிறுவனச் சட்டத்தைப் பயன்படுத்தி நிர்வாகிகளை நீக்கியது. அதிபர் நிதியைத் தடுத்ததும், ஒளிபரப்பு நிறுவனத்தையே கலைப்பு நடவடிக்கையின்கீழ் கொண்டுவந்தது. சட்டத்தின் ஆட்சியை மீட்போம் என்று வாக்குக் கேட்டவர்கள் சட்டத்தின் பக்கவாட்டுச் சந்து வழியே நடக்க வேண்டியதாயிற்று. அவர்களை ஆதரித்த வழக்கறிஞர்களிலேயே சிலர் முகம் சுளித்தனர். 2025 அதிபர் தேர்தலில் 50.89 விழுக்காடு பெற்று வென்றவர், சட்டமும் நீதியும் கட்சி ஆதரித்த கரோல் நவ்ரோட்ஸ்கி. அந்தச் சுற்றிலும் வாக்களித்தவர்கள் 70 விழுக்காட்டுக்கு மேல்.